இரைச்சல் என்று பூட்டிய மொழி

அப்பாவின் கைகள் ஷெர்லினுக்கு முதன்முதலாகப் புரியாமல் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கோயிலுக்குப் போய்விட்டு வந்து அவளும் அப்பாவும் கணவன் எட்வினும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அருமைநாயகம் மீன்முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கைகளால் ஏதோ சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததை வைத்துத்தான் அது வேடிக்கையான விஷயம் என்று ஷெர்லினுக்குத் தெரிந்தது. அவளும் சிரித்து வைத்தாள்.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டிருந்ததால் பார்க்கத் தவறியிருக்கலாம். ஆனால் அவள் கையில் கரண்டி இல்லை. அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருமைநாயகத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தூத்துக்குடியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் நசுங்கிய கார் கதவுகளைத் தட்டி நேராக்கி வாழ்க்கையை ஓட்டியவர். அவர் மனைவி ரோசம்மாளும் காது கேளாதவள்தான். அவள் இறந்து பல வருஷங்களாகிவிட்டன. இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே பிள்ளை ஷெர்லின். அவளுக்கு நன்றாகக் காது கேட்டது.

வாய் பேசுவதற்கு முன்பே அவளுக்குக் கை பேசியது. தமிழ் அதற்கப்புறம் பக்கத்து வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வந்து சேர்ந்தது. வந்த தமிழ் கையை விரட்டவில்லை. வாய் தமிழில் பேசும், கை கூடவே தன் மொழியில் பேசும். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும்போது கையைக் கட்டு என்று டீச்சர் அதட்டினால் பாடம் பாதியில் நின்றுபோகும். எட்வினைக் கல்யாணம் செய்து வந்த புதிதில், போனில் பேசும்போதுகூட அவள் கைகள் காற்றில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவன் சிரித்திருக்கிறான்.

அந்தக் கைகள் ஓய்ந்தது பூட்டு வந்த பிறகுதான்.

தூத்துக்குடிக்குத் தெற்கே புதிதாக வந்திருந்த தனியார் துறைமுகத்தில் ஷெர்லினுக்கு வேலை. கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறையில் வயர்லெஸ்ஸில் பேசுவாள். கப்பல் கேப்டன்களிடம் ஆங்கிலம், இழுவைப் படகுக்காரர்களிடமும் மீன்பிடி வள்ளங்களிடமும் தமிழ். ஒரு காதில் அது, இன்னொரு காதில் இது. அவள் சேருவதற்கு முந்தின வருஷம் ஒரு விபத்து நடந்திருந்தது. பதற்றத்தில் ஒருவர் வள்ளத்துக்குச் சொல்ல வேண்டிய மொழியில் கப்பலுக்குக் கட்டளை கொடுத்துவிட்டார். நாக்கு திருத்திக்கொள்வதற்குள் கப்பல் வள்ளத்தின் மேல் ஏறிவிட்டது. வள்ளத்தில் போன யாரும் கரைக்கு வரவில்லை.

அதற்கப்புறம்தான் நிர்வாகம் அந்தக் கருவியைக் கொண்டுவந்தது. காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், அரிசி அளவுக்கு ஒரு சில்லு. ஒரு மொழி பேசும்போது இன்னொரு மொழியை அது அடக்கிவைக்கும். வாய் தடுமாறாது. ஷிஃப்ட் முடிந்ததும் தானாக அணைந்துவிடும். அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. ஊழியர்கள் பூட்டு என்றார்கள்.

பூட்டைப் பொருத்த வந்த பொறியாளர் சென்னைக்காரன். கையில் திரையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"என்னென்ன மொழி தெரியும் மேடம்?"

"தமிழ், இங்கிலீஷ். பெறவு கைப் பாஷை. எங்க அப்பா அம்மாவுக்குக் காது கேக்காது."

"அது சைகைதானே மேடம். நான் பேசுற மொழியைக் கேட்டேன்."

"அதுவும் பேசுததுதான்."

"வாயால பேசுறது," என்று பொறுமையாகத் திருத்திவிட்டு, இரண்டு மொழிகளை மட்டும் தொட்டான்.

பூட்டு நன்றாகவே வேலை செய்தது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் தாவும்போது வருகிற அந்தச் சின்ன இடறல் காணாமல் போனது. தலைவலி குறைந்தது. விபத்தும் இல்லை. மேற்பார்வையாளர் பர்னாந்து ஒருநாள் அவள் மேஜைப் பக்கம் நின்று பாராட்டினார்.

"முன்னெல்லாம் மைக்கு முன்னால கையை ஆட்டி ஆட்டிப் பேசுவிய. இப்பம் பாருங்க, சிலை கணக்கா உக்காந்து பேசுதிய."

அவள் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது வேகமாக வளர்ந்தது. அப்பா சொல்வதில் நடுநடுவே ஓட்டைகள் விழுந்தன. பிறகு ஓட்டைகளுக்கு நடுவே சில சொற்கள் மட்டும் மிஞ்சின. சாப்பாடு, தண்ணீர், தூக்கம் என்று யார் பார்த்தாலும் புரிகிற சைகைகள். மற்றதெல்லாம் வெறும் கைகள். அழகாக அசையும் இரண்டு கிழட்டுக் கைகள். அவள் பதில் சொல்லக் கையைத் தூக்கினால் விரல்களுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை.

அவள் சொல்லும் முன்பே அப்பா கண்டுபிடித்துவிட்டார். அதைப் பற்றி அவளிடம் விசாரிக்கவில்லை. தன் பேச்சை மாற்றிக்கொண்டார். மெதுவாக, பெரிதுபெரிதாக, ஒவ்வொன்றையும் தொட்டுக்காட்டிப் பேச ஆரம்பித்தார். பேங்கில் கவுன்டர்க்காரனிடமும் மருந்துக்கடையிலும் அவர் அப்படித்தான் பேசுவார். காது கேட்கிறவர்களுக்கென்று அவர் வைத்திருந்த பேச்சு அது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட மகளிடம் அப்படிப் பேசியதில்லை. ஷெர்லின் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டாள். எட்வின் பின்னாலேயே வந்தான்.

"என்ன ஷெர்லி?"

"எங்கப்பா என்னைய வெளியாள் மாதிரி பாக்காங்க," என்றாள்.

மதுரையில் மூளை நரம்பு மருத்துவர் குர்ஷித் பானு அவளை இரண்டு நாள் சோதித்தார். படங்களைக் காட்டினார், கையசைவுகளைக் காட்டினார், தலையில் கம்பிகளை ஒட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் நாற்காலியை அவளுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு மொழி தெரிஞ்சவங்களுக்கு எந்த மொழியும் தூங்காதும்மா. நீங்க தமிழ்ல 'அலை'ன்னு சொல்ல நினைச்சா இங்கிலீஷ் வார்த்தையும் கூடவே எழுந்து நிக்கும். வாய் ஒண்ணுதானே? அதனால மூளை ஒண்ணை அமுக்கிப் பிடிச்சுட்டு இன்னொண்ணை வெளிய விடும். பேசி முடிச்சதும் பிடியை விட்டுடும். சின்ன வயசுலேருந்து நாள்பூரா இதைத்தான் செய்யுது. அமுக்கவும் அதுக்குப் பழக்கம், விடவும் பழக்கம்."

"அதைத்தான் பூட்டு செய்யும்னு சொன்னாங்க."

"அமுக்குறதை மட்டும்தான் அது செய்யுது. விடுற வேலை உங்க மூளையோடது. இங்கிலீஷை அமுக்கினா, ஷிஃப்ட் முடிஞ்சதும் மூளை பழக்கப்படி விட்டுடும். ஆனா கை மொழி விஷயம் வேற. தமிழுக்கு வாய் இருந்துச்சு, அதுக்குக் கை இருந்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல வெளிய வரலாம். ஒண்ணை ஒண்ணு இடிக்கல. அதனால உங்க மூளை அதை அமுக்கினதே இல்ல. பிறந்ததுலேருந்து ஒருதடவைகூட."

ஷெர்லினே முடித்தாள். "அமுக்கினதே இல்லன்னா, விடவும் தெரியாது."

மருத்துவர் தலையசைத்தார்.

"அதைப் போய் இந்தக் கருவி ஏன் பூட்டணும் டாக்டர்? அதுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ரெண்டு மொழின்னு சொல்லி வச்சிருக்காங்க. நீங்க தமிழ் பேசுறப்பெல்லாம் மூணாவதா ஏதோ முழிக்கிறதை அது பார்த்திருக்கு. இரைச்சல்னு நினைச்சு அடக்கியிருக்கு. தினமும், மணிக்கணக்கா."

பூட்டை எடுத்துவிட்டால் திரும்பி வருமா என்று எட்வின் கேட்டான். எடுத்துவிடுவது நல்லது, ஆனால் நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்றார் அவர். அந்த மொழி உள்ளேயே இருக்கிறது, அதற்குப் போகிற வழி இல்லை. வேண்டுமானால் வேறு வழியாக, வயது வந்தவர்கள் அந்நிய மொழி படிப்பதுபோல முதலிலிருந்து படிக்கலாம். மெதுவாகத்தான் வரும். பழைய மாதிரி வராது.

சில்லை எடுத்தார்கள். ஒன்றும் மாறவில்லை. வேலையை விட்டாள். நிர்வாகத்துக்கு எழுதியபோது, தாங்கள் பதிவு செய்த இரண்டு மொழிகளும் பழுதில்லாமல் இருப்பதாகச் சோதனையில் தெரிகிறது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அப்பாவுக்கு விஷயத்தை விளக்கியது பெரும்பாடு. கைப் பேச்சைத் தமிழாக்கும் செயலி ஒன்று செல்போனில் இருந்தது. பாடப்புத்தகத்துக்காகத் தொகுத்த சைகைகள்தான் அதற்குத் தெரியும். அருமைநாயகம் தலைமுறையின் கைகளைக் காட்டினால் பாதிக்கு மேல் கேள்விக்குறி போட்டது. எழுதிக் காட்டினால் அவருக்குச் சரியாகப் படிக்க வராது; எட்வினும் அவளும் நடித்தும் படம் வரைந்தும் சொன்னார்கள். கடைசியில் அவர் எழுந்துவந்து அவள் தலைமுடியை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நசுங்கிய தகரத்தைத் தடவிப் பார்ப்பவர்போல நெடுநேரம் தடவினார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

வீட்டில் பேச்சு செத்துப்போனது. அருமைநாயகம் தினமும் சாயங்காலம் கிளம்பி, தன்னோடு சின்ன வயதில் ஒரே பள்ளியில் படித்த மரியலூயிஸைப் பார்க்கப் போய்விடுவார். மரியலூயிஸும் காது கேளாதவர், தையற்காரர். இரண்டு பேரும் அவர் கடை வாசலில் உட்கார்ந்து கைகள் ஓயப் பேசுவார்கள். ஷெர்லின் ஒருநாள் எதிர்ச்சாரியில் நின்று அதைப் பார்த்தாள். அப்பா எதையோ சொல்லி மரியலூயிஸைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். கிட்டே போகாமல் திரும்பிவிட்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதய வால்வு பழுது என்றார்கள். ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், செய்தாலும் உறுதி சொல்ல முடியாது. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அரசு அனுப்பிய சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினார். அவரும் சரி என்று தலையசைத்தார். இந்த வேலையை ஆறு வயதிலிருந்து செய்தவள் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிற காலையில் பெயர்ப்பாளர் இல்லை. எட்வின் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். வார்டில் ஷெர்லினும், பார்க்க வந்திருந்த மரியலூயிஸும்தான். பச்சைத் துணி போர்த்திக் கிடந்த அருமைநாயகம் மகளைக் கூப்பிட்டுத் தன் முன்னால் நிற்கவைத்தார். பேச ஆரம்பித்தார்.

அன்று பெரிதாகவும் மெதுவாகவும் பேசவில்லை. பழைய பேச்சு. வேகமாக, சின்னச் சின்ன அசைவுகளில், முகமும் புருவமும் சேர்ந்து ஓட, வீட்டில் பேசுகிற பேச்சு. நெடுநேரம் பேசினார். நடுவில் ஒருமுறை கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளாமல் பேசினார். ஷெர்லினுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. மெதுவாப் பேசுங்க என்று எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. தலையாட்டினாள். அவர் பேசப் பேசப் புரிந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டே நின்றாள். அவர் நிறுத்தினார். அவளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். ஆட்கள் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அவர் திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்து ஆட்கள் போன பிறகு அந்தக் கேள்வி அவளைப் பிடித்தது. அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தால்? பயமாக இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப் போ என்று கெஞ்சியிருந்தால்? அவள் தலையாட்டி, சரி சரி என்று அனுப்பிவைத்திருந்தால்?

"டாக்டர்மார்ட்ட சம்மதம்னுதான சொன்னாரு," என்றான் எட்வின்.

"அது முந்தின நாளு. கடைசி நேரத்துல மனசு மாறியிருந்தா? கண்ணு கலங்குச்சே."

"அவருக்குப் புரியும்மா உனக்கு விளங்கலைன்னு."

"புரிஞ்சா பெறவு எதுக்குப் பேசினாங்க?"



மரியலூயிஸ் அன்று வார்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஷெர்லின் பெயர்ப்பாளரை அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனாள். அப்பா என்ன சொன்னார் என்று கேட்கச் சொன்னாள். மரியலூயிஸ் பெயர்ப்பாளரை மேலும் கீழும் பார்த்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

பெயர்ப்பாளர் சங்கடப்பட்டார். "உங்கள் அப்பா உங்களிடம் சொன்னது வேறொருவர் வாய் வழியாகப் போகக் கூடாது என்கிறார். வேண்டுமானால் நீங்களே வந்து கண்ணால் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்."

"வேண்டாம்னு சொன்னாங்களான்னு மட்டும் கேளுங்க."

கேட்டார். மரியலூயிஸ் துணியை எடுத்து மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. கொஞ்ச நாள் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவளைத் தூங்கவோ சாப்பிடவோ விடவில்லை. கடைசியில் காது கேளாதோர் சங்கத்தில் நடந்த வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்தது ஜெனிட்டா என்ற காது கேளாத இளம்பெண். கூடப் படித்தவர்கள் நர்சிங் மாணவிகளும், காது கேளாத கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதியும். அம்மா, அப்பா, வீடு, நாய். தன் வீட்டில் நாள் முழுக்கப் புரண்ட சொற்களை ஷெர்லின் அவர்களோடு உட்கார்ந்து மனப்பாடம் செய்தாள். கட்டைவிரல் உள்ளேயா வெளியேயா என்று யோசித்து யோசித்துச் செய்தாள். சில சமயம் ஒரு அசைவு எங்கோ தெரிந்த முகம்போல வந்து நிற்கும். பிடிக்கப் போனால் ஒன்றும் இராது. உன் கையில் காது கேட்கிறவர்களின் வாடை அடிக்கிறது என்று ஜெனிட்டா ஒருநாள் கிண்டல் செய்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஷெர்லினால் சிரிக்க முடியவில்லை.

வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் சங்கத்துக்கு வரும் வயதானவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களின் பழைய பேச்சைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வருஷம் ஓடி, அடுத்த மழைக்காலமும் வந்து போனது. அப்புறம்தான் மரியலூயிஸின் கடைக்குப் போகத் துணிந்தாள். எட்வின் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே நின்றான்.

முதலில் தன் கைகளால் கேட்டாள். அப்பா ஆபரேஷன் வேண்டாம் என்றாரா?

கிழவர் அவள் விரல்களையே பார்த்தார். இல்லை என்றார். மிஷினை ஒதுக்கிவிட்டு ஒரு முக்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். அருமைநாயகம் சொன்னதை அவர் அருமைநாயகத்தைப் போலவே சொன்னார், அதே புருவத்தோடு. புரியாத இடத்தில் அவள் கையை நீட்டி நிறுத்துவாள். அவர் திருப்பிச் சொல்வார். அப்படி நின்று நின்று அது வந்து சேர்ந்தது.

உனக்கு இப்போது என் கை கேட்காது. அதனால்தான் சொல்லப் போகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று உன் அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். உனக்குக் கேட்காவிட்டால் சத்தியம் உடையாது.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பெரிய டாக்டர் உன்னை நிறுத்தி வைத்துப் பேசினார். நீ அவர் மேஜை உயரம்தான் இருந்தாய். அவர் நிறையப் பேசினார். நீ திரும்பி, அம்மாவுக்கு ஒன்றுமில்லை, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று எனக்குச் சொன்னாய். நான் டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தையும் பார்த்தேன். அவள் பிழைக்க மாட்டாள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நீ பெஞ்சில் தூங்கிய பிறகு நான் உன் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். இரண்டு பேரும் பேச வேண்டியதையெல்லாம் பேசினோம். அழுதோம். ஒருவரை ஒருவர் அனுப்பிவைத்தோம். காலையில் நீ எழுந்ததும் அவள் உன்னைப் பார்த்துச் சிரித்தாளே, அது தெரியாமல் சிரித்ததில்லை. நம் பிள்ளை நமக்காக ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அந்தப் பொய் வீணாகிவிட்டது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்றாள்.

மரியலூயிஸ் நிறுத்தினார். அன்றைய ஆஸ்பத்திரி பெஞ்சைப் பற்றி ஷெர்லின் யாரிடமும் சொன்னதில்லை. எட்வினிடம்கூட. தான் சொன்ன பொய்யால் அப்பாவும் அம்மாவும் விடைபெறாமலே பிரிந்துபோனார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள். அம்மாவின் கல்லறைக்கு அப்பாவோடு போகும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமல் பூவை மட்டும் வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

இன்னும் இருக்கிறது என்று கை காட்டினார் மரியலூயிஸ்.

நீ அதைத் தனியாகச் சுமக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை கை வந்திருக்கிறது. இன்று சொல்லிவிட்டேன். பார், தலையாட்டுகிறாய். ஒன்றும் புரியாமல், எனக்காகத் தலையாட்டுகிறாய். அன்றைக்கு நானும் உனக்கு இப்படித்தான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் என்று மரியலூயிஸ் கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

பூட்டு இல்லாமல் இருந்திருந்தால் அப்பா இதைச் சொல்லாமல் வேறு எதையாவது சொல்லிவிட்டுப் போயிருப்பார். அது உறைக்க ஷெர்லினுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிழவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று கைகளைத் தூக்கினாள். அதற்கான சொற்கள் வகுப்பில் இன்னும் வரவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னாள். மரியலூயிஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பி, விரல்களைச் சரிசெய்து விட்டுவிட்டு மிஷினுக்குத் திரும்பினார்.

வெளியே எட்வின் பைக்கைவிட்டு இறங்கி நின்றான்.

"சொன்னாரா?"

"ம்."

"மாமா ஆபரேஷன் வேண்டாம்னு..."

"இல்ல. அது இல்ல."

"பெறவு என்னதான் சொன்னாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். தமிழ் முழுசாக, ஒரு இடறலும் இல்லாமல், நாக்கு நுனியில் வந்து நின்றது. டாக்டர் சொன்னதை அப்பாவுக்கு, அப்பா சொன்னதைப் பேங்குக்காரனுக்கு, ஒருவர் பேச்சை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தே வளர்ந்தவள்.

"அது எனக்குன்னு மட்டும் சொன்னது," என்றாள்.

எட்வின் அவளைப் பார்த்தான். வண்டியை உதைத்துக் கிளப்பினான், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.